மழை என்று பெயர் வைத்த பணம்

நாணயக் காட்சிசாலையில் விளக்க அட்டை எழுதுவது என் வேலை. புதிதாக வந்த இயக்குநருக்கு என் அட்டைகளைக் கண்டாலே ஆகாது.

"நாடு, வருஷம், உலோகம் போதும் சார். பேருக்கு அர்த்தம் யார் கேட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. பெயர்க் காரணம் தெரியாத காசு வெறும் தகரம் என்று மல்லுக்கு நின்றேன். மனுஷன் ஸ்டாப்வாட்சை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒருவராவது வெளிநாட்டு அலமாரி முன் ஒரு நிமிஷம் நின்று படித்தால் அட்டைகள் பிழைக்கும். இல்லாவிட்டால் குப்பைக்கூடைதான்.

ஞாயிறு காலை முழுக்க இருவரும் தூணோரம் நின்றோம். அதிகபட்சம் ஒன்பது விநாடி. அதுவும் ஒருவர் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைவாரிய நேரம்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. படிக்கிற மாதிரி நடிக்கச் சொல்லி என் மனைவியை வரவழைத்திருந்தேன். அவள் தன் அக்காவோடு வந்தாள். வந்தவள் அலமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்காவின் புது மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாலேயே கெஞ்சினேன். ஒருவழியாகத் திரும்பினாள்.

"ரூபிள்னா வெட்டின துண்டாம்க்கா. வெள்ளிக் கம்பிய வெட்டிக் குடுத்திருக்காங்க. பெசோன்னா எடை. டாலர்னா பள்ளத்தாக்குல இருந்து வந்ததாம்!"

"பள்ளத்தாக்கா? நகருடி, நானும் பாக்கறேன்."

"அக்கா, இது புலா. ஆப்பிரிக்காவுல ஒரு நாட்டுப் பணம். புலான்னா மழை! அங்க மழை அவ்வளவு அபூர்வமாம். அதான் பணத்துக்கே அந்தப் பேர வச்சுட்டாங்க."

அவள் குரல் சன்னமானதில்லை. நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். இயக்குநரும் போய் அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ரூபிளில் தொடங்கி அடிவரை படித்தார்.

"ஏங்க!" என்று அவள் என்னைக் கூப்பிட்டுக் குட்டை உடைத்தாள். இயக்குநர் திரும்பி என்னை முறைத்தார்.

"உங்க வீட்டம்மாவா? அப்ப இவங்க கணக்குல சேர மாட்டாங்க." கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது. "ஆனா நான் நின்னு படிச்சதே நாலு நிமிஷம் ஆச்சு. சரி, அட்டை இருக்கட்டும்."

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபது வருஷமா அட்டை எழுதறேன், அட்டை எழுதறேன்னு மட்டும்தான சொன்னீங்க? இதைத்தான் எழுதறேன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

 

"நீ கேட்கலையே" என்றேன்.

"இப்ப கேக்கறேன். அடுத்த அலமாரி எது?"