இடது மூலையில் கதவு

கொசு கண்ணடித்தால், வலது கண்ணா இடது கண்ணா என்று சொல்லிவிடுவாளாம் எக்ஸ்சேஞ்ச் அக்கா. அவளே ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து அவள் ஓய்வு பெற்றாளே தவிர, அவள் வாய் பெறவில்லை.

எல்லாம் மூத்தோர் மன்றத்து மூளைப் பயிற்சி செய்த வேலை. கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒரு வண்டி மின்னி மறையும்; அதே நொடி ஏதோ ஒரு மூலையில் இன்னொரு படம். இரண்டையும் உரக்கச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல வேகம் கூடும். அக்கா உட்கார்ந்தால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியதாம்.

தம்பி நம்பவில்லை. கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறவன்; அவன் கண்ணுக்கு உலகமே கத்துக்குட்டி.

"திரை வேற, ரோடு வேறக்கா. இந்த வயசுல நீ கார் ஓட்ட வேணாம். சாவியைக் குடுத்துட்டு எங்க வீட்டுப் பின்ரூமுக்கு வந்துடு."

அக்காவின் வீடு பஸ் எட்டிப் பார்க்காத ஓரத்தில் இருந்தது. கார் போனால் வீடும் போகும். தம்பியின் பழைய டயர்களோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

"உன் பள்ளிக்கூட வண்டியிலயே ஓட்டிக் காட்டுறேன், வா."

அந்த வண்டியில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. தன் கால் அதைத் தொட்டால் சாவி தனக்கு என்றான் தம்பி. சாட்சிக்கு அவன் மனைவி பின்சீட்டில் ஏறினாள்.

கிளம்பியதுமே பயிற்சிப் பழக்கம் அக்காவின் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"நடுவுல லாரி. வலது மூலை, நாய்."

"பேசாம ஓட்டுக்கா. ஏலம் விடுற மாதிரி இருக்கு."

"வாயை மூடினா கண்ணும் மூடிக்கும்டா."

"அண்ணி சொல்லட்டும் விடுங்க," என்றாள் தம்பி மனைவி. "எனக்குப் பொழுது போகுது."

கடைவீதி வந்தது.

"நடுவுல ஸ்கூட்டர். இடது மூலை, கதவு."

வண்டி சட்டென்று நின்றது. ஓரத்தில் நின்ற காரின் கதவு அப்போதுதான் முழுசாகத் திறந்தது. உள்ளிருந்து ஒருவர் மாமனார் வீட்டுக்கு வந்தவர்போல ஆற அமர இறங்கினார்.

தான் அழுத்தியது அக்காவுக்குத் தெரியும். தம்பியும் அழுத்தியிருந்தால்? அவன் காலடியைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாயும் முதன்முறையாக ஓய்ந்திருந்தது.

"யாரு போட்ட பிரேக்கு?" என்றாள் தம்பி மனைவி.

தம்பி குனிந்து தன் காலைத் தேடினான். அது சீட்டுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

"அக்கா போட்டது," என்றான். "அந்தக் கதவை நான் பாக்கவே இல்ல."