நாலாவது கதவுக்கு ஓர் ஆள்

என் அக்காள் புருஷன் உச்சிமாகாளி அத்தான் ஒரு பழைய கார் வாங்கினார். சாவி போட்டுத் திறப்பது கௌரவக் குறைவு என்று தென்காசியில் ஒரு கடையில் ரிமோட் பூட்டு மாட்டினார். பொத்தானை அமுக்கினால் நாலு கதவும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். மூன்று பூட்டின. இடது பின்கதவு அதே நேரத்தில் திறந்துகொண்டது. திறக்கிற பொத்தானை அமுக்கினால் மூன்று திறந்தன, அது பூட்டிக்கொண்டது. அந்தக் கதவின் உள்பக்கப் பூட்டுக் குமிழைக் கையால் அமுக்கினால், ஒரு மூச்சு நேரம் அடங்கியிருந்துவிட்டு மறுபடி எழும்பும்.

இலஞ்சி கோயில் வாசலில் செருப்பைப் பறிகொடுத்ததிலிருந்து அத்தானுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அதனால் அந்தக் கதவுக்குப் பூட்டாக என்னை வைத்தார். நான் மேலகரத்தில் தேங்காய் மூட்டை ஏற்றுகிறவன். வேலையில்லாத நாளில் குமிழை அமுக்கிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். சுரண்டையில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போனோம். எல்லோருக்கும் பந்தி மண்டபத்தில்; எனக்கு இலை காருக்குள் வந்தது. இடது கை குமிழில், வலது கை பாயசத்தில். ஓர் ஆச்சி எட்டிப் பார்த்து, கோளாறு காருக்கா உனக்கா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது குற்றாலம். மூட்டை தூக்கித் தூக்கி என் தோள் இரண்டும் கல்லாகிக் கிடந்தன. சாரல் விழுந்ததும் அருவிக்கடியில் தோளைக் கொடுத்து நிற்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு ஆசை. இந்த சீசனில் அத்தானோடு எத்தனையோ தடவை போயும் என் துண்டு நனையவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் நானே அவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பூட்டு மாட்டிய செந்தில்வேல் கதவின் உள்தட்டைக் கழற்றி, மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரையும் இடம் மாற்றினான். இடது கதவுக்குப் புத்தி வந்தது. வலது பின்கதவு திரும்பிக்கொண்டது. வலதைத் திருத்தினான், முன்கதவு முறைத்தது. கோளாறு சாயங்காலம் வரை காரைச் சுற்றிச் சுற்றி வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மரியாதையாகக் கேட்டான்.

"நீங்க எந்தப் பக்கம் உக்காருவிய அண்ணாச்சி? கோளாற அங்கனயே நிறுத்தித் தாரேன்."

அத்தான் முந்திக்கொண்டார். "அருவி தெரியுத பக்கமா வையிப்பா. அவனும் பாவம்லா, பாத்துக்கிடட்டும்."

மறுநாளே குற்றாலம். அத்தான் ரிமோட்டை அரைஞாண்கயிற்றில் முடிந்துகொண்டு, கதவை விட்டுவிடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். கால் மரத்துப்போய் நான் கொஞ்சம் இறங்கி நின்றேன். அதற்குள் ஒரு தடித்த குரங்கு உள்ளே புகுந்து, என் இடத்தில் உட்கார்ந்து, அத்தான் வாங்கி வைத்திருந்த நேந்திரங்காய் சிப்ஸைப் பிரித்தது. பயத்தில் கதவை அறைந்து சாத்தினேன்.

குமிழ் எழும்பியது. குரங்கு அதை உற்றுப் பார்த்தது. உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கியது. அது எழும்பியது. மறுபடி அமுக்கியது. ஒரு கை குமிழில், ஒரு கை சிப்ஸில். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த ஒருவனைப் பல்லைக் காட்டி விரட்டியும் விட்டது. நான் அந்த வேலையில் இருந்தவரை ஒருவரையும் விரட்டியதில்லை.

கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்ததால் அதற்குக் காற்றுக்குக் குறைவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அருவிக்கடியில் அத்தானுக்கு அடுத்த இடமே கிடைத்தது. தண்ணீர் தோளில் விழுந்ததும், இத்தனை வருஷமாகத் தூக்கிய மூட்டைகளை யாரோ ஒவ்வொன்றாக இறக்கி வைப்பதுபோல இருந்தது. அத்தான் கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏலே இசக்கி, கதவுக்கு யாருலே?"

"ஆள் போட்டுருக்கேன் அத்தான்."

"எந்த ஊருக்காரன்?"

"இந்த ஊருதான். மரத்துலேர்ந்து எறங்கி வந்தான்."

அத்தான் ஓடினார். வரிசையை நகரச் சொல்லிப் போலீஸ்காரர் விசில் ஊதினார். நான் அத்தான் நின்ற இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தோளைக் கொடுத்தேன்.