எலுமிச்சைக் கிளையில் நாடாக்கள்

"அட்டையில எங்கம்மா பேரையும் போடுங்க மேடம்."

மகள் கேட்டே விட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட அம்மா அவள் முழங்கையைக் கிள்ளிச் சொல்லியிருந்தாள், "இந்த வீட்ல என்ன வேணா பேசு. எதையும் கேட்டு வைக்காத." இங்கே தோட்ட வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒன்பது வருடமாகச் சொல்லும் பேச்சுதான்.

புரொபசரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மேசைமேல் அவர் எழுதிய புத்தகம் கிடந்தது. வீட்டுத் தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சியை முட்டையிலிருந்து வளர்ப்பது எப்படி என்று சொல்வது. முதல் பதிப்பு தீர்ந்து, இரண்டாவது அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அதன் பக்கத்தில், எதிரே நிற்கும் இவளுடைய ஆராய்ச்சிப் படிப்புக்கு அவர் எழுதிய சிபாரிசுக் கடிதம். கையெழுத்துப் போட்டாயிற்று, உறையில் போடவேண்டியதுதான் பாக்கி.

"கடைசிப் பக்கத்துல நன்றி சொல்லியிருக்கேனே, பார்க்கலையா?"

"பார்த்தேன். தோட்ட வேலையில் உதவிய பெண்ணுக்கும்னு இருக்கு. தொட்டி வித்த கடைக்காரருக்குப் பேரோட இருக்கு."

திறந்த ஜன்னலுக்கு வெளியே அம்மாவின் கை நின்றது. எலுமிச்சைத் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். அதன் கிளைகளில் கட்டியிருந்த நாடாக்கள், எழுதப் படிக்கத் தெரியாதவள் கண்டுபிடித்த கணக்கு. கொழுந்து இலையில் கடுகளவு மஞ்சள் முட்டை தெரிந்த அன்றைக்குக் கிளையில் வெள்ளை நாடா. புழு வெளியே வந்து பறவை எச்சம் மாதிரி சுருண்டு கிடந்தால் கறுப்பு. உடம்பு பச்சையானால் பச்சை. எத்தனை முட்டையோ அத்தனை முடிச்சு. புழுவைத் தேடிவரும் குளவி மோப்பம் பிடிப்பதற்குள் இலையோடு கிள்ளி, ஓட்டை போட்ட டப்பாவுக்குள் வைத்து, அந்த நாடாவையே டப்பாவில் கட்டிவிடுவாள். "மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கணக்காத் திங்குதுங்க" என்று அலுத்துக்கொண்டே தினமும் கொழுந்து மாற்றுவாள். எல்லாம் பழைய துணியைக் கிழித்த நாடா. புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில் அந்த நாடாக்களின் படம். கீழே, 'நான் உருவாக்கிய எளிய முறை' என்ற வரி.

"அந்த வரியையாவது எடுங்க. நாடா எங்கம்மாவோடது."

"அவ செஞ்சா, சரி. ஏன் செஞ்சான்னு அவளுக்குத் தெரியுமா? எழுதினது யாரு?"

"குளவி எந்த மணிக்கு வரும்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

அம்மா கையில் டப்பாவோடு உள்ளே ஓடி வந்தாள். "ஏண்டி, உனக்கு நாக்குல சனியா? டீச்சரம்மா, நீங்க மனசுல வச்சுக்காதீங்க. நாலு எழுத்து படிச்சதும் தலை கனத்துப் போச்சு. எம்பேரை வச்சு நான் என்ன செய்யப் போறேன்?"

புரொபசரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து கறுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு வந்தார். மகளுடைய பட்டப்படிப்பு ஆய்வேடு.

"இது உன்னோடதுதானே? இதே செடி, இதே நாடா. நான்தான் திருத்தினேன். 'நான் கவனித்தேன்' 'நான் குறித்தேன்'னு அறுபது பக்கம். உங்கம்மா பேர் எங்கேன்னு எனக்குக் கொஞ்சம் காட்டேன்."

மகளுக்குத் தெரியும். காட்ட இடமில்லை. பைண்டிங் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா ஈரக்கையைத் துடைத்துவிட்டு அட்டையைத் தடவினாள். "இதுல எம்பேரு வருமாடி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "அதெல்லாம் போடமாட்டாங்கம்மா" என்று இவள் சொன்னாள். யார் போடமாட்டார்கள்? எழுதியவள் இவள்தானே. தோட்ட வேலைக்காரியின் மகள் என்று வகுப்புக்குத் தெரிந்துவிடும் என்கிற பயம். வேறொன்றுமில்லை.

அம்மா இவள் முகத்தைப் பார்த்தாள்.

"காட்ட முடியாது மேடம்," என்றாள் மகள். "நானும் திருடினவதான். நாளைக்கு டிபார்ட்மெண்ட்ல எழுதிக் கொடுக்கப் போறேன். அந்த முறை யாரோடதுன்னு. இந்தப் புத்தகத்தையும் சேர்த்துத்தான் எழுதுவேன்."

"மார்க்கை ரத்து பண்ணுவாங்க. சீட்டும் போகும். யோசிச்சுப் பேசு."

"போகட்டும்."

"அப்போ இந்த லெட்டர்?"

"உங்க கையெழுத்து. நீங்களே வச்சுக்கங்க."

ஆய்வேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அம்மாவைத் தாண்டித்தான் போகவேண்டும். திட்டுவாள், கையைப் பிடித்து இழுப்பாள் என்று நினைத்தாள். அம்மா டப்பாவை நீட்டினாள். உள்ளே காய்ந்த குச்சியில் ஒரு கூடு, பழுப்பு நிறத்தில், மெல்லிய இழையைப் பற்றிச் சாய்ந்திருந்தது.

"போறதுன்னா போ. போற வழியில இதை நிழல்ல வச்சுட்டுப் போ. மூடி இறுக்கமா இருக்கான்னு பாரு."

குரலில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை. மகள் டப்பாவைச் சுவரோரம் நிழலில் வைத்தாள். மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி நடந்தாள்.