நல்ல செய்தி மட்டும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் காலை பிரேயரில் நல்ல செய்தி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்ததற்குக் காரணம் நாலாம் வகுப்பு சின்னதுரை. தினம் ஒரு பிள்ளை முன்னால் வந்து, தன் வீட்டிலோ தெருவிலோ நடந்ததை 'நம்ம ஊர்ச் செய்தி' என்று சொல்லும் பழக்கத்தை நான்தான் ஆரம்பித்து வைத்தேன். பிள்ளைகளுக்குக் கூச்சம் போகட்டும் என்று. சின்னதுரைக்குக் கூச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை. மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு, "எங்கப்பா நேத்து குடிச்சிட்டு வந்து டி.வி.ய ஒடச்சிட்டாரு, எங்கம்மா அவர வெளக்கமாத்தால அடிச்சிச்சி" என்று போட்டு உடைத்தான். தலைமையாசிரியர் பார்த்திபன் சார் வழக்கம்போல அதை வீடியோ எடுத்து, எடுத்த கையோடு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியும் விட்டார். சாயங்காலம் சின்னதுரையின் அம்மா வந்து பள்ளிக்கூடத்தை ரெண்டு பண்ணிவிட்டாள்.

மறுநாளே சட்டம். "இனிமே நல்ல செய்தி மட்டும்தான். சொல்லி முடிச்சதும் எல்லாரும் கைதட்டணும்" என்றார் சார்.

மொத்தமே இரண்டு ஆசிரியர்கள் உள்ள பள்ளி. ஒருவர் சட்டம் போட்டால் இன்னொருவர் தலையாட்ட வேண்டியதுதான். சாருக்குப் பிள்ளைகள் படிக்கிறார்களா என்பதைவிட போட்டோவில் விழுகிறார்களா என்பதுதான் கவலை. மரக்கன்று நட்டால் போட்டோ, கை கழுவினால் போட்டோ. அந்தக் கன்று காய்ந்து போனதை மட்டும் அவர் எடுக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், நெல் வயலும் கம்பெனிச் சுவரும் முட்டிக்கொள்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல செய்திக்குப் பஞ்சமே இல்லை. மாடு கன்று போட்டது, அக்காவுக்கு நிச்சயம் ஆனது, புது டிராக்டர் வந்தது. கம்பெனி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும். "எங்க ஊட்ல நேத்து கறிக்கொயம்பு" என்று ஒருத்தி சொன்னாள். அதற்கும் கைதட்டினோம்.

மூன்றாம் வகுப்பு லிப்சாவுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. ஒடிசாக்காரப் பிள்ளை. வந்த புதிதில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாமல் அழுதவள், இப்போது சின்னதுரையோடு சரிக்குச் சரி சண்டை போடுவாள். அவள் அப்பா பிரதாப் பக்கத்து இரும்பு உருக்கும் கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. தினமும் காலையில் சைக்கிள் பாரில் நீலத் துண்டைச் சுற்றி, அதன்மேல் மகளை உட்காரவைத்துக் கூட்டி வருவார். வாசலில் இறக்கிவிட்டு எனக்கு ஒரு கும்பிடு. அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்த கையோடு அந்த மனிதர் காணாமல் போனார். இரவு ஷிப்டுக்குப் போனவர் திரும்பவில்லை. "அவன் வேலைய வுட்டுட்டு எவளோடயோ ஓடிப்போயிட்டான்" என்று சொல்லிவிட்டான் காண்ட்ராக்டர். ஊரும் நம்பியது. நம்புவதற்கு வசதியாக இருந்தது, நம்பியது. பிரதாப்பின் மனைவி மமதாவோடு நானும் போலீசுக்குப் போனேன். "ஊர்ல போய்த் தேடச் சொல்லுங்க டீச்சர்" என்று அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விடுவார்களா? சண்டை என்று வந்தால் போதும், "உங்கப்பன் ஓடிப்போயிட்டான்" என்பார்கள். முதலில் கையில் கிடைத்ததை வீசிக்கொண்டிருந்த லிப்சா, அப்புறம் வீசுவதையும் விட்டுவிட்டாள். செய்தி சொல்லும் முறை வந்தபோது, "நல்ல செய்தி ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள். "அடுத்த ஆளக் கூப்புடுங்க" என்று சார் முடித்துவிட்டார்.

அவள் பக்கத்தில் உட்காருகிறவள் பிரின்சி. மதிய உணவில் தன் முட்டையைப் பாதி பிட்டு லிப்சாவுக்குக் கொடுக்கும் பிள்ளை. பிரின்சியின் அப்பா யேசுதாஸ் அதே காண்ட்ராக்டரிடம் மேஸ்திரி. விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருகிற ஆள், சில நாள் இரவு ஷிப்டும் பார்ப்பார். மகள் யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்பதெல்லாம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

ஆண்டு விழா நெருங்கிய ஒரு காலை. பிரின்சியின் முறை. ரிப்பனெல்லாம் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். சார் செல்லைத் தூக்கிப் பிடித்தார்.

"என் பெயர் பிரின்சி. மூன்றாம் வகுப்பு. எங்க ஊட்டுக்கு சைக்கிள் வந்துக்கீது. ஆரணியில எங்க மாமா ஊட்ல இருந்துச்சாம், எங்கப்பா நேத்து எடுத்துக்கினு வந்தாரு. பழசுதான். ஆனா பார்ல மெத்துனு நீலத் துண்டு கட்டிக்கீது. மட்கார்டுல செவப்பு நெயில் பாலிஷ்ல வட்ட வட்டமா இன்னாவோ எழுதிக்கீது. ஞாயித்துக்கெயம எங்கப்பா எல்லாத்துக்கும் பச்ச பெயிண்ட் அடிக்கப் போறாரு. நன்றி."

பிள்ளைகள் கைதட்டினார்கள். சார் தன் கட்டை விரலால் வீடியோவை அனுப்பினார். கைதட்டல் ஓய்ந்ததும் வரிசையிலிருந்து லிப்சா சொன்னாள்:

"அது என் பேரு. எங்க ஒடியா எழுத்துல நான்தான் எழுதினேன்."

நான் லிப்சாவைத் திரும்பிப் பார்த்தேன். பிரின்சிக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்போ உங்கப்பா வந்துட்டாராடி?"

சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "டீச்சர், அந்த கம்பெனிதான் ஆண்டு விழாவுக்கு மேடையும் டி.வி.யும் தரான். நமக்கு எதுக்கு இந்த பேஜாரு? வீடியோவ அழிச்சிடறேன்."

"அழிங்க சார். ஊரே பாத்திருக்கும்" என்றேன். வாயில் வேறு வார்த்தைதான் வந்தது, பிள்ளைகள் நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

ஊர் பார்த்துத்தான் இருந்தது. மதிய மணி அடிப்பதற்கு முன்பே யேசுதாஸ் மகளைக் கூட்டிப்போக வந்துவிட்டார். அன்றுதான் அவரைப் பள்ளி வாசலில் முதல்முதலாகப் பார்த்தேன். பிரின்சி பையை மாட்டிக்கொண்டு வர, பின்னாலேயே லிப்சாவும் வந்தாள்.

"அங்கிள், எங்கப்பா எங்க?"

யேசுதாஸ் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். இவள் பிரதாப்பின் மகள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டு பிள்ளைகளையும் வகுப்புக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"பள்ளத்துல வுயுந்துட்டான் டீச்சர்" என்றார். "தடுப்பு இல்லாத பள்ளம். தூக்கறதுக்குள்ள போயிட்டான். வெளிய தெரிஞ்சா கம்பெனிய மூடிடுவாங்க, உங்க எல்லார் சோறும் போயிடும்னு சொல்லி, இரும்புக் கசடக் கொட்டி மூடச் சொன்னாரு காண்ட்ராக்டர். மூடிட்டோம். சைக்கிள ஏரியில தள்ளச் சொன்னாரு. நல்ல சைக்கிளு, மனசு வரல. கொயந்த ரொம்ப நாளா கேட்டுக்கினு இருந்துச்சி."

ஒரு மனிதனை மூட மனசு வந்திருக்கிறது, சைக்கிளைத் தள்ள வரவில்லை. ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அந்த ஆள் அழுத அழுகையைப் பார்த்தபோது அறையவும் முடியவில்லை. போலீசுக்கு நான்தான் போன் செய்தேன். இந்தத் தடவை வந்தார்கள்.

பள்ளத்தைத் தோண்டினார்கள். கிடைத்ததை மமதாவிடம் காட்டினார்கள், பிரதாப்பின் இடுப்புத் தாயத்தை வைத்து அவள் அடையாளம் சொன்னாள். மண்டியிட்டவள் எழுந்திருக்கவில்லை, நானும் இன்னொரு பெண்ணும் தூக்கித்தான் கொண்டுவந்தோம். யேசுதாஸ் ஜெயிலுக்குப் போனார். காண்ட்ராக்டர் எந்த ஊரில் இருக்கிறானோ, தெரியவில்லை. அவன் எங்கள் ஆளே இல்லை என்று கம்பெனி கையைக் கழுவிக்கொண்டது. பிரின்சியை அவள் அம்மா ராத்திரியோடு ராத்திரியாக எங்கோ கூட்டிப்போய்விட்டாள். அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன? நல்ல செய்தி சொல்லச் சொன்னோம், சொன்னாள்.

ஆண்டு விழா நடக்கவில்லை. மமதா ஊருக்குக் கிளம்பும் நாளில் லிப்சாவின் டி.சி. வாங்க வந்தாள். கையில் அஸ்தி கட்டிய ஒரு சின்னத் துணி மூட்டை. அதை வைக்கச் சொல்லிப் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன், அவள் மடியிலிருந்து இறக்கவில்லை. வெளியே பிரேயர் நடந்துகொண்டிருந்தது. லிப்சா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், நான் செய்தி சொல்லட்டா? நல்ல செய்திதான்."

அவளோடு வெளியே போய்ச் சாரைப் பார்த்தேன். செல்லை எடுக்கப்போனவர் மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். லிப்சா மைக்குக்கு எட்டாமல் எக்கி நின்றாள்.

"என் பெயர் லிப்சா. மூன்றாம் வகுப்பு. எங்கப்பா எங்கள வுட்டுட்டு ஓடிப்போவல. இங்கதான் இருந்தாரு. நன்றி."

பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்கள். சின்னதுரைதான் பலமாகத் தட்டினான்.