நான் போடாத கடுதாசி

1

இந்தக் கதை கற்பனையில் பிறந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் இது என் மேசை இழுப்பறையில் பிறந்தது. அங்கே ஒரு கடிதம் இருக்கிறது, இரண்டரை வருஷமாக. என்னுடையது அல்ல. போட்டுவிட்டேன் என்று நான் சொன்ன கடிதம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு சௌக்கத் அலி பாய் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது இரண்டே கால். அதற்குள் கதையை முடித்தால், எழுதியதையே அவரிடம் படித்துக் காட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை. வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

2

முதல் தொடக்கம்: "ராயபுரம் கடற்கரையில் கட்டுமரங்கள் கரையேறிய அந்த இளங்காலையில், மூன்று மதங்களின் மணியோசையும் ஒன்றாகக் கலந்து..."

அடித்துவிட்டேன். பள்ளிவாசலில் மணி ஏது? சமாதானம் பேசியே இப்படி எழுதப் பழகிவிட்டேன்.

இரண்டாவது: "1972. உலகம் போர்களால் களைத்திருந்தது."

உலகத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? களைத்திருந்தது நான். எண்ணூரில் ஒரு கம்பெனியில் டைம்கீப்பர். சாயங்காலம் ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பக்கத்து வாசகசாலையில், உலக சமாதான இளைஞர் மன்றத்தின் செயலாளர். பெயர் ரகுபதி. வயது அப்போது இருபத்தாறு. தீர்மானம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

மூன்றாவது தொடக்கம் கிடைக்கவில்லை. இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

3

மன்றத்தில் ஒரு திட்டம் போட்டோம். ஒவ்வொரு இளைஞரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேறு மதத்துப் பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டும். நான்கு கேள்விகள் கேட்டுப் பதிலை நோட்டில் எழுத வேண்டும். நன்றாகச் செய்தவர், ஆகஸ்டில் கொழும்பில் நடக்கவிருந்த இளைஞர் சமாதான மாநாட்டுக்குப் போகலாம்.

எல்சி திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். கிறிஸ்தவப் பெண், வெடுக்கென்று பேசுவாள். அவள் பங்குக்கு சௌக்கத் அலி பாய் வந்தார். ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டி ரிடையர் ஆனவர், கல்மண்டபத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார்.

(இங்கே அவருடைய வெள்ளைத் தாடியை வர்ணித்து அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவருக்குத் தாடி கிடையாது. தினமும் சவரம் செய்கிறவர்.)

நான்காவது கேள்வி: உலக சமாதானத்துக்கு இளைஞர்கள் என்ன செய்ய வேண்டும்?

பாய் சொன்னாராம்: "ஒரு கடுதாசி எழுதணும்மா."

அவர் மகள் அஜீசா கராச்சியில் வாழ்க்கைப்பட்டவள். எழுபத்தொன்று டிசம்பரில் சண்டை வந்ததும் இரண்டு தேசத்துக்கும் இடையே தபால் நின்றுபோனது. அதே டிசம்பரில் அவர் மனைவி ஷம்ஷாத் இறந்துபோனார். மகளுக்கு இன்னும் தெரியாது.

"நீ கொழும்புக்குப் போனா அங்கேர்ந்து போட்டுடு. அங்கேர்ந்து போவுதாம்," என்றார்.

4

பாய் சொல்லச் சொல்ல எல்சி எழுதினாள். எழுத உட்கார்ந்ததும் கை பழக்கத்தில் தாளின் தலைப்பில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டாள். அவர்கள் வீட்டில் மளிகைச் சீட்டுக்குக்கூட அப்படித்தான். பதறிப்போய்க் கிழிக்கப் பார்த்தாளாம்.

"கெடக்கட்டும் வுடும்மா. தாள வீணாக்காத. பக்கத்துல எழுநூத்தி எம்பத்தாறு போடு. அஜீசாவுக்குப் புரியும், யாரோ நல்ல பொண்ணு எழுதிக் குடுத்திருக்குன்னு."

அதனால் அந்தத் தாளின் உச்சியில் ஒரு சிலுவையும் 786-ம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கீழே எல்சியின் குண்டு எழுத்து:

"அஜீசா, உன் அம்மா டிசம்பர் பதினொண்ணாம் தேதி மவுத்தாயிட்டா. மேல பறக்கிற ஏரோப்ளேன் எல்லாம் கராச்சிக்குத்தான் போவுதான்னு கடைசி வரிக்கும் கேட்டுகினே இருந்தா. நான் இல்லன்னுதான் சொன்னேன்."

5

கொழும்புக்குத் தேர்வான எல்சியை எழும்பூர் ஸ்டேஷனில் வழியனுப்பப் போனவன் நான். கடிதத்தைக் காட்டினாள். படித்தேன். ஏரோப்ளேன் வரியை மறுபடியும் படித்தேன். ஆனால் கண் போனது தலைப்புக்கு.

"ராமேஸ்வரத்துல கஸ்டம்ஸ் சோதனை போடுவான் எல்சி. பாகிஸ்தான் விலாசம், மேலே சிலுவை, பக்கத்துல நம்பர். ரகசியக் குறிப்புன்னு நெனைச்சா மன்றமே மாட்டும். சமாதானத்துக்காகச் சேர்த்து வெச்ச பேரு போயிடும்."

எல்சி என்னைப் பார்த்தாள். "பயமா கீதுன்னு சொல்லு அண்ணே. சமாதானம்னு சொல்லாத."

"நம்ம மன்றத்து ஹென்றி சிங்கப்பூர் கப்பல்ல வேலையா போறான். அவன்கிட்ட குடுத்து அங்கேர்ந்து போடச் சொல்றேன்."

வண்டி நகரும் நேரம். கொடுத்துவிட்டாள்.

6

இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன். மூன்று பிரதிகளில் பொய்யை எல்சி சொல்கிறாள். அவளுக்கு அது பொருந்தவில்லை. வாக்கியம் அவள் வாய்க்குள் போகவே மாட்டேன் என்றது. நடந்தது இதுதான்.

கொழும்பில் எல்சி பேசிய பேச்சுக்குப் பலத்த கைதட்டலாம். (பேச்சு நான் எழுதியது.) திரும்பி வந்ததும் இரண்டு பேரும் பாயைப் பார்க்கப் போனோம். சமோசா வாங்கி வைத்திருந்தார்.

"போட்டியாம்மா?"

எல்சி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "போட்டாச்சு பாய். கொழும்பு பெரிய தபால் ஆபீஸ்லயே."

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

தெருவுக்கு வந்ததும் எல்சி சொன்னாள்: "ஒரு வாரத்துல அது மெய்யாவணும்ணே." ஒரு வாரம் கழித்துக் கேட்டாள். ஹென்றி கொண்டுபோய்விட்டான் என்றேன். நம்பினாள். மறு வருஷம் கல்யாணமாகி அரக்கோணம் போனாள்.

ஏன் கொடுக்கவில்லை? முதலில் ஹென்றியின் கப்பல் வரவில்லை. வந்தபோது எனக்கு நைட் ஷிப்ட். அப்புறம் மன்ற ஆண்டு விழா. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, பயம் முதல் மாதத்திலேயே போய்விட்டது. சோம்பல். வெட்கமாக இருக்கிறது. வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

7

போன அக்டோபரில் இரண்டு தேசத்துக்கும் இடையே தபால் திறந்தார்கள். அன்றே நான் போட்டிருக்கலாம். போடவில்லை. ஜனவரியில் அஜீசா எழுதிய கடிதம் பாய்க்கு வந்துவிட்டது. போன ஞாயிறு பாய் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவருக்குக் கண் மங்கிவிட்டது.

"அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி? குளிருக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் கொடுத்து அனுப்புகிறேன்."

படித்து முடித்தேன். பாய் கேட்டார்:

"நம்ம கடுதாசி இன்னாச்சு நைனா?"

கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். அவரே சொன்னார்: "கொழும்புக்காரன் எங்கியோ கடாசிட்டான் போல. பேஜார் புடிச்சவன். பாவம், எல்சிம்மா எம்மா ஆசையா எழுதிச்சு." பிறகு, "அடுத்த ஞாயித்துக்கிழம நீ எழுதிக் குடு. மறுக்கா முதல்லேர்ந்து சொல்லணும். அத நெனைச்சாத்தான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஷம்ஷாத் இறந்ததை அவர் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். என்னால்.

8

முடிவுகள்.

அ. நான் உண்மையைச் சொல்கிறேன். பாய் மன்னிக்கிறார். (பன்னிரண்டு தீர்மானம் எழுதியவன் புத்தி இது. அவர் ஏன் மன்னிக்க வேண்டும்?)

ஆ. ஒன்றும் சொல்லாமல் புதுக் கடிதம் எழுதித் தருகிறேன். அந்த டிசம்பர் பதினொன்றை அவர் மறுபடி சொல்லும்போது தலை நிமிராமல் எழுதுகிறேன். எனக்கு மிகச் சுலபம் இது.

இ. பழைய கடிதத்தையே, சிலுவையும் 786-மாக, நானே தபாலில் போட்டுவிடுகிறேன். சிலர் எதிர்பார்க்கலாம், ரகுபதி பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழியும் போடுவான் என்று. போட மாட்டேன். அந்தத் தாளில் எனக்கு இடம் இல்லை.

ஈ.

9

ஈ-க்கு ஏதாவது யோசிப்பதற்குள் கதவு தட்டப்படுகிறது. மணி மூன்றரைதான்.

"ரகுபதி தம்பி, வூட்ல கீறியா? உனுக்கு இன்னாத்துக்கு அலைச்சல்னு நானே வந்துட்டேன். தாளு, கவரு எல்லாம் வாங்கியாந்துட்டேன்."

கடிதம் மேசைமேல் பிரிந்து கிடக்கிறது. நான்காம் பகுதிக்காக எடுத்தது, திரும்ப வைக்கவில்லை. எல்சியின் குண்டு எழுத்தை மங்கிய கண்ணாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். இழுப்பறை பாதி திறந்திருக்கிறது. ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

என்னை உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். நான் என்ன செய்வேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

மாசி வெயில். இதற்குமேல் எழுதிக்கொண்டிருந்தால் அவர் வெளியே நின்றுகொண்டிருப்பார்.