கவர்னருக்கு ஒரு நகம் முளைத்தது

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதில்லை; கீழ்வீட்டு டோரீன் குபியாக்கிடமிருந்து சுட்டது. அமெரிக்காவின் டொலீடோவில் எங்கள் குடியிருப்பின் சலவை அறைக்கு ஒரே வாரத்தில் மூன்றாம் முறையாகப் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். "பூனை மெத்தையிலயே ஒண்ணுக்குப் போயிடுச்சு" என்றார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் சத்தமாகத்தான் சொல்வார். எழுதிக்கொள்ளலாமா என்றேன்.

"எழுதிக்கோ. ஆனா என்னை அழ வெச்சே, இந்தப் போர்வையை உன் தலையில போடுவேன்."

2

மழை பெய்த ஒரு காலையில், பூனைக்கூண்டைச் சுமந்தபடி ஒரு மூதாட்டி

வேண்டாம். அன்று மழை இல்லை. 'மூதாட்டி'க்கு நிச்சயம் போர்வைதான்.

மறுபடியும்: எங்கள் குடியிருப்பில் பூனை வளர்க்கலாம், அதற்கு நகம் இருக்கக்கூடாது. கம்பளம் பாழாகிவிடுமாம். அதனால் விலங்குக் காப்பகத்தில் டோரீன் கேட்ட ஒரே கேள்வி, "நகம் எடுத்தது இருக்கா?" இருந்தது. பெயர் கவர்னர், வயது ஒன்பது, யாரோ வளர்த்துக் கைவிட்டது. [அந்த யாரோவைத் திட்டி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். திட்டுவது சுலபம், கதைதான் நகரவில்லை.]

கவர்னர் மலஜலம் கழிக்க வைத்த மணல் தட்டில் கால் வைக்க மறுத்தது. தொட்டால் கடித்தது. கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது, சரிப்படாவிட்டால் காப்பகத்திலேயே திருப்பி விடுவது என்று டோரீன் முடிவு செய்தார். கடிக்கிற கிழட்டுப் பூனையை இன்னொருவர் எடுத்துப்போக மாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும்.

3

மருத்துவர் பெய்ஜ் டாலிவர்மேல் எனக்கு ஒரு சந்தேகம். முதல் வரைவில் ரொம்ப நல்லவராக வந்துவிட்டார். "அவ ஒண்ணும் தேவதை இல்லப்பா, சூயிங் கம் மென்னுகிட்டே இருந்தா" என்று டோரீன் திருத்தினார். ஆகவே, மெல்லுகிறார்.

கூண்டை மேசைமேல் வைத்ததும் டோரீன் பெருமையாகச் சொன்னார்: "பயப்படாதீங்க டாக்டரம்மா, இதுக்கு நகமே கிடையாது."

மருத்துவர் உடனே தடித்த கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நகம் இல்லன்னுதானே சொன்னேன்?"

"அதனாலதாங்க. நகம் இருக்கிற பூனை மொதல்ல ஒரு அறை விடும். இதுக்குப் பல்லு மட்டும்தான் பாக்கி."

டோரீனுக்குச் சுருக்கென்றது. "நான் எடுக்கல. இப்படித்தான் வந்துச்சு."

"உங்களைச் சொல்லலங்க." பாதத்தை எக்ஸ்ரே எடுத்து, படத்தை விளக்குமுன் பிடித்துக் காட்டினார். "நகத்தை எடுக்கிறப்ப விரல் நுனி எலும்பையும் சேர்த்துதான் வெட்டுவாங்க. இங்க ஒரு துண்டு விட்டுப்போயிருக்கு. அதுலேருந்து நகம் உள்ளுக்குள்ளயே கோணலா வளருது. மணல்ல கால் வெச்சா குத்தும். மெத்தை மெத்துனு இருக்குல்ல?"

"அப்ப இது திமிரு இல்லையா?"

"வலிங்க."

டோரீன் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நகம் வளருதுன்னு வெளிய சொல்லிடாதீங்க. எங்க குடியிருப்பு மேனேஜருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் காலி பண்ணச் சொல்லிடுவான்" என்றார்.

4

முடிவு அ: காலிக் கூண்டோடு டோரீன் காரில் ஏறி

முடிவு ஆ: கவர்னர் அவர் மடியில் சுருண்டு

இரண்டையும் வாசித்துக் காட்டினேன். "ரெண்டும் பொய்" என்றார். நடந்தது வேறு.

மருத்துவர் பாதத்தை அழுத்தியபோது கவர்னர் டோரீனின் கையைக் கவ்விக்கொண்டது. "கையை எடுங்க, எடுங்க!" என்று மருத்துவர் பதறினார். டோரீன் எடுக்கவில்லை.

"இருக்கட்டும். பயம் வந்தா எதையாவது பிடிச்சுக்கணும்ல? பிடிச்சுக்க அதுக்கு வேற என்ன இருக்கு?"

மருத்துவர் மெல்லுவதை நிறுத்திவிட்டாராம். டோரீன் அழவில்லை. சலவை அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் கண் கலங்கியது.

5

இன்று அறுவை சிகிச்சை; விட்டுப்போன எலும்புத் துண்டை எடுக்கிறார்கள். இந்த வயதுப் பூனைக்கு மயக்க மருந்து ஆபத்துதான் என்று சொல்லியிருக்கிறார்கள். முடிந்ததும் போன் செய்வார்கள். [நல்ல முடிவு ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறேன். எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை.]

சற்றுமுன் டோரீன் வந்து கதவைத் தட்டினார். கட்டுப்போட்ட கையில் போன்.

"காப்பி போட்டிருக்கேன், வா. இது அடிக்கிற வரைக்கும் யாராவது பக்கத்துல பேசிக்கிட்டே இருக்கணும்."

வாசகரே, கவர்னர் கண் விழித்ததா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் மனசு வையுங்கள். நான் கீழே போகிறேன்.