கூச்சல், குழப்பம்

மேசைமேல் ஏறி நின்ற உறுப்பினர் மைக்கைக் கம்பியோடு பிடுங்கி வீசினார். அது சுருக்கெழுத்து மேசையின் விளிம்பில் பட்டுச் சிதறியது. அங்கே அவைப் பேச்சைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அவள் தலையைத்தான் குனிந்துகொண்டாள், பென்சிலை நிறுத்தவில்லை.

காலையிலிருந்தே சட்டமன்றம் கொதித்துக்கொண்டிருந்தது. கஜானா காலி. புது வரி போடமாட்டோம் என்று தேர்தலில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி எந்தத் துறையில் கைவைப்பது என்பதுதான் பேச்சு.

“இருக்கிறவங்க மேல வரி போடுங்க. இல்லாதவங்க வயித்துல ஏன் அடிக்கிறீங்க?” என்று எதிர்க்கட்சி அம்மா ஒருவர் கேட்டார். அவர்மீது ஒரு கோப்பு பறந்து வந்தது. அவ்வளவுதான், இரண்டு பக்கமும் எழுந்துவிட்டன. சட்டைக் காலர்கள் கிழிந்தன. வழுக்கைத் தலை உறுப்பினர் ஒருவருக்கு மூக்குடைந்து, அவளுடைய நோட்டில் மூன்று சொட்டு ரத்தம் தெறித்தது. பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மைக்குகள் எல்லாம் செத்துப்போயிருந்தன. அந்த அம்மாவைக் காவலர்கள் வெளியே இழுத்துப் போக, நிதியமைச்சர் அவர் முதுகைப் பார்த்துக் கத்தினார். அமைச்சரின் காலடியில் உட்கார்ந்திருந்த அவளுக்கும், அவருக்குப் பின்னால் இருந்த செயலாளருக்கும் மட்டுமே அது கேட்டது.

“ஜெயில்ல மூணு பேர் பார்த்த வேலையை ஒருத்தர் பார்த்தா செத்தா போயிடுவாங்க?”

எழுதினாள். பதினெட்டு வருஷப் பழக்கம். காதில் விழுவது நேரே விரலுக்குப் போய்விடும். தம்பி சிறைக் காவலன் என்பதும், போன மாதம்தான் அவன் பிளாக்கில் மூன்று பேரை ஒருவராக்கினார்கள் என்பதும் பென்சில் அந்த வரியைத் தாண்டிய பிறகே உறைத்தது.

அவளுடைய பத்து நிமிஷ முறை முடிந்து எழுந்தபோது, அவைக் காவலர் வாசலில் நின்றிருந்தார்.

“மேடம், ஜெயில்ல அடிதடியாம். உங்க தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க.”

நோட்டு கையில் இருந்ததுகூடத் தெரியாமல் ஓடினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பியின் சிநேகிதன் உட்கார்ந்திருந்தான். அவனும் சிறைக் காவலன்தான். நெட்டை என்று கூப்பிடுவார்கள். சட்டை முழுக்க ரத்தம். அது அவனுடையது இல்லை.

“தண்ணி வரலைன்னு ஆரம்பிச்சாங்கக்கா. தொண்ணூறு கைதிங்க. கட்டில் காலைக் கழட்டிட்டாங்க.”

“நீ எங்க இருந்தே?”

“பக்கத்து பிளாக்ல. கம்பிக்கு இந்தப் பக்கம்.” அவன் உள்ளங்கைகளைப் பார்த்தான். சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருந்த தடம் இன்னும் பதிந்திருந்தது. “நான் கதவைத் திறந்தா என் பிளாக் கைதிங்களும் வெளிய வந்துடுவாங்க. ஒத்த ஆள்க்கா நானும். வேற ஆளுங்க வர்றதுக்குப் பதினோரு நிமிஷம் ஆச்சு. முதல்ல கத்தினான். அப்புறம் அடி விழற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.”

உள்ளே போனாள். தலைமாட்டில் பெயர் எழுதியிருக்காவிட்டால் தம்பி என்று சொல்லியிருக்க மாட்டாள். தாடை இடம் மாறியிருந்தது. ஒரு கண் இருந்த இடம் கறுத்து வீங்கிப்போயிருந்தது. மற்றக் கண் அவளைப் பார்த்தது.

வாய் அசைந்தது. ஏதோ சொன்னான்.

நாக்குக் குழறும் கிழவர்களையும், பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர்களையும், நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவதையும் பிடித்து எழுதியவள் அவள். காதை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

“என்னடா? இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னான். ரத்தம்தான் வந்தது. நர்ஸ் அவளைத் தோளைப் பிடித்து விலக்கினார். சுவரோரம் நின்று, அந்த உதடுகள் மூன்றாவது முறை அசைவதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அசையவில்லை.

தம்பி மனைவி சலவைக்கூடத்திலிருந்து ஈரக் கையோடு வந்து சேர்ந்தபோது அவன் முகத்தை மூடியிருந்தார்கள். அவள் அழவில்லை. வராந்தாவுக்குத் திரும்பிப் போய் நெட்டையின் சட்டையைப் பிடித்தாள்.

“பார்த்துக்கிட்டு நின்னியா? சாவி வச்சிருந்தியே, பார்த்துக்கிட்டா நின்னே?”

அறைந்தாள். நெஞ்சில் குத்தினாள். நகத்தால் கன்னத்தைக் கிழித்தாள். அவன் கையைத் தூக்கவே இல்லை. இரண்டு பேர் வந்து பிரித்தபோது, “விடுங்க, அடிக்கட்டும்” என்றான்.

மூன்று மணிக்கு அமைச்சரின் செயலாளர் வந்தார். நல்ல மனிதர் போலத்தான் பேசினார். அமைச்சர் மிகவும் வருந்துவதாகச் சொன்னார். அப்புறம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இந்த நேரத்துல கேக்கக்கூடாது. காலையில ஐயா கோவத்துல ஒரு வார்த்தை விட்டுட்டாரு. ரெக்கார்டிங் இல்ல. உங்க நோட்டுல மட்டும்தான் இருக்கு. அந்த இடத்துல ‘கூச்சல், குழப்பம்’னு போட்டுட்டா போதும். எப்பவும் போடறதுதானே?”

“எனக்குக் கேக்காததுக்குத்தான் அப்படிப் போடுவேன்.”

“குடும்பத்துக்கு என்ன செய்யணுமோ செஞ்சுடலாம்மா. அந்தப் பொண்ணுக்கு ஆபீஸ்லயே ஒரு வேலை...”

அவர் குரலைத் தணித்துக்கொண்டே அவள் மடியிலிருந்த நோட்டின் மேல் கையை வைத்தார். இழுத்தார்.

பென்சில் நோட்டின் கம்பிச் சுருளில் செருகியிருந்தது. அதை உருவி, அவர் புறங்கையில் இறக்கினாள். முனை உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. அவர் அலறினார். அவள் உடைந்த பென்சிலை மறுபடியும் ஓங்கினாள். ஓங்கிய கை இறங்க மாட்டேன் என்று நின்றது. நெட்டைதான் எழுந்து வந்து அதைத் தாழ்த்தினான்.

“போதும்க்கா.”

தம்பி மனைவி பெஞ்சிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “போயிட்டு வாங்கக்கா, நான் இங்க இருக்கேன்” என்றாள்.

சட்டமன்றத் தட்டச்சு அறையில் அவளைக் கண்டதும் சுருக்கெழுத்துப் பிரிவின் தலைவர் பதறிப்போனார். “நீ ஏம்மா வந்தே? வீட்டுக்குப் போ.”

“என் பத்து நிமிஷத்தை நான்தான் அடிக்கணும், சார்.”

அடித்தாள். ஒரு எழுத்துப் பிழையில்லை. அவர் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். அடியில் கையெழுத்திட்டார். சுவருக்கு அப்பால் அவையில் மேசைகளைத் தட்டும் சத்தம் எழுந்தது. புது வரி இல்லாமல் நிதிநிலை அறிக்கை நிறைவேறிவிட்டது. தட்டல் வெகுநேரம் ஓயவில்லை. அது ஓயும்வரை அவள் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, அடக்கத்துக்குப் புறப்படும் முன்பே தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வீட்டுக்கு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இடுகாட்டு வாசலில் வண்டி நின்றது. சீருடை அணிந்த ஆறு பேர் பெட்டியைத் தூக்குவார்கள் என்று சிறையிலிருந்து சொல்லியிருந்தார்கள். நெட்டையோடு சேர்த்து நான்கு பேர்தான் நின்றார்கள். அவன் கன்னத்தில் நகக் கீறல்கள் காய்ந்திருந்தன.

“மத்த ரெண்டு பேரு?”

“டூட்டியை விட்டு வர முடியலக்கா. மாத்தி விட ஆளில்ல.”

தம்பி மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இடது பக்க நடுப் பிடியைப் பற்றினாள். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வலது பக்க நடுப் பிடிக்குப் போனாள். ஒன்று, இரண்டு என்று நெட்டை எண்ணினான். தூக்கினார்கள்.

அவள் மற்றவர்களைவிடக் குள்ளம். நாலடி போவதற்குள் பெட்டி அவள் பக்கம் சாயத் தொடங்கியது.

“அக்கா, கொஞ்சம் ஏத்திப் பிடிங்க” என்றான் பின்னாலிருந்தவன்.

அவள் முன்பாதத்தை ஊன்றி எம்பி, அப்படியே நடந்தாள்.